ஈற்றில் ரத்தமா? இனிப்பு நீரையும் பாருங்கள்

பல் துலக்கும்போது எச்சிலில் ரத்தம் தெரிந்தால் பிரஷைக் குறை சொல்வோம். பல் ஆடினால் வயதாகிவிட்டது என்போம். வெற்றிலை போடுபவருக்கு அந்தச் சிவப்பில் ரத்தம் கண்ணுக்கே படாது. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் வாழும் நீங்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு.

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் சோர்ந்துவிடும், எச்சிலும் குறையும். பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே கிருமிகள் குடியேறும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு மெல்லக் கரையும். பெரும்பாலும் வலிக்காது, அதுதான் ஆபத்து.

பாதிப்பு வாயோடு நிற்பதில்லை. வீங்கிய ஈற்றிலிருந்து ரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருள்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் சர்க்கரை இறங்காமல் கிளினிக்கில் ஏச்சு வாங்குபவர்கள் வாயையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி இறங்கியதை 2022இல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. கேட்கச் சிறிய எண். ஆனால் அதை இறக்கப் படும் பாடு நீரிழிவுக்காரருக்குத் தெரியும்.

பல் கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் நீரிழிவுப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். பல்லைப் பிடுங்குமுன் இனிப்பு நீர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை பசியாறிவிட்டு, மருந்தும் எடுத்துக்கொண்டு போங்கள். பொய்ப்பல் கட்டியவர்கள் இரவில் அதைக் கழற்றி வைக்க வேண்டும். சர்க்கரை கூடிய வாயில் பூஞ்சைக்கு அதனடிதான் வசதியான இடம்.