ஐக்கிய அமெரிக்காவில் சீனக் குடியேறிகளின் திருமணம்

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஐக்கிய அமெரிக்காவுக்குத் தொழில் தேடிச் சென்ற சீனர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள் ஆவர். 1890 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்படி அங்கு 103,620 சீன ஆண்களும் 3,868 சீனப் பெண்களும் இருந்தனர். அதாவது, ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 27 ஆண்கள். இதனால் சீனர் குடியிருப்புகள் "பிரமச்சாரிகள் சமூகம்" என அழைக்கப்பட்டன. எனினும், இவர்களுட் பலர் ஊரில் மனைவியை விட்டு வந்தவர்களே.

சட்டத் தடைகள்

1875 ஆம் ஆண்டின் பேஜ் சட்டம் பாலியல் தொழிலுக்காகப் பெண்கள் கொண்டுவரப்படுவதைத் தடுக்க இயற்றப்பட்டது. நடைமுறையில் சீனப் பெண்கள் அனைவரும் ஐயத்துடன் விசாரிக்கப்பட்டதால், மனைவியரின் வருகையும் குறைந்தது. 1882 இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் தொழிலாளர்களின் நுழைவைத் தடுத்தது. இத்தடை தொழிலாளரின் மனைவியருக்கும் பொருந்தும் என 1884 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிகர்களின் மனைவியருக்கு விலக்கு இருந்தது. வெள்ளையருக்கும் சீனருக்கும் திருமண உரிமம் வழங்குவதைக் கலிபோர்னியா 1880 இல் தடை செய்தது. 1922 ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, சீனக் குடியேறியை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். இவ்விதி 1931 இல் நீக்கப்பட்டது.

துணை தேடிய வழிகள்

* ஊர்த் திருமணம்: குவாங்டோங் மாகாணத்தைச் சேர்ந்த பலர் பணம் சேர்த்து ஊர் திரும்பி, பெற்றோரும் தரகரும் பார்த்து வைத்த பெண்ணை மணந்து, மீண்டும் தனியே கப்பலேறினர். மணமகன் வர இயலாதபோது அவனுக்குப் பதிலாகச் சேவலொன்றை வைத்துச் சடங்கு நடத்தும் வழக்கமும் இருந்தது. கணவன் அனுப்பும் பணத்தைக் கொண்டு மனைவி மாமனார், மாமியாரைப் பேணினாள். பல தம்பதியர் பல்லாண்டுகள் பிரிந்தே வாழ்ந்தனர்.
* சமயப்பணி இல்லம்: சான் பிரான்சிஸ்கோவின் பிரெசுபிட்டேரியன் இல்லம், விலைக்கு விற்கப்பட்டு மீட்கப்பட்ட சீனப் பெண்களுக்குப் புகலிடம் அளித்தது. அங்கு பெண் கேட்டு வந்த சீன ஆடவரின் நடத்தையும் வருவாயும் விசாரிக்கப்பட்ட பின்னரே திருமணம் செய்துவைக்கப்பட்டது.
* கலப்புத் திருமணம்: நியூயார்க்கில் ஐரியப் பெண்களையும், மிசிசிப்பியில் கறுப்பினப் பெண்களையும், அவாயில் அத்தீவின் பழங்குடிப் பெண்களையும் சிலர் மணந்தனர்.

மாற்றம்

சீனர் விலக்குச் சட்டம் 1943 இல் நீக்கப்பட்டது. ஆயினும், ஆண்டுக்கு 105 சீனர்களுக்கே அனுமதி கிடைத்தது. 1946 இல் அமெரிக்கக் குடிமக்களின் சீன மனைவியர் இவ்வரம்பிலிருந்து விலக்கப்பட்டனர். அதன் பின்னரே மனைவியர் பெருமளவில் வந்துசேர்ந்தனர். கலப்புத் திருமணத் தடைகளைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1948 இலும், நாடு முழுவதற்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 இலும் செல்லாதவையாக்கின.