தெரியாத பாட்டுக்கு ஒரு டிக்கெட்

உள்ளூர் ராக் குழுவின் கச்சேரிக்குக் கிளம்புகிறேன் என்றால் என் தங்கை ஒரே கேள்விதான் கேட்பாள்: "என்ன பாட்டுண்ணே பாடுவாங்க?" எனக்குப் பதில் தெரியாது. அவர்கள் பாடப்போவது அவர்களே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. எந்தப் படத்திலும் வந்ததில்லை, எந்த எஃப்.எம்.மிலும் ஒலித்ததில்லை. பாதிப் பாட்டு எனக்கும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காதில் விழும். "தெரியாத பாட்டைக் கேக்க ஐநூறு ரூவாயா?" என்பாள் அடுத்து.

அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நமக்குப் பாட்டு கேட்பது என்பதே பெரும்பாலும் தெரிந்த பாட்டைக் கேட்பதுதான். கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில், முதல் இசைத்துணுக்கு வந்த உடனே என்ன பாட்டென்று கண்டுபிடித்துக் கைதட்டுவோம். மார்கழி சபாவிலும் அதே கதைதான். ஆலாபனை தொடங்கிய அரை நிமிடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் "கல்யாணி" என்று முணுமுணுத்துவிடுவார். ராக் குழு அந்தச் சுகத்தை முதலிலேயே பறித்துவிடுகிறது. அப்படியிருந்தும் வங்கி வேலையில் மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம், பம்பாய், கல்கத்தா, கொச்சி, பெங்களூர் என்று, இந்தக் கச்சேரிகளைத் தேடிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். ஓய்வுபெற்றுச் சென்னைக்கு வந்த பிறகும் விடவில்லை.

நாலு பேர், ஒரு மேடை

புதியவர்களுக்காகச் சுருக்கமாக. ராக் குழு என்றால் ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ் கிட்டார், ஒன்றோ இரண்டோ எலெக்ட்ரிக் கிட்டார், பாடகர். சில குழுக்களில் கீபோர்டும் உண்டு. மெல்லிசைக் குழுவில் நோட்டைப் பார்த்து யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசித்துவிடலாம். இங்கே அது நடக்காது. அந்த நான்கைந்து பேர் ஒரே அறையில் மாதக்கணக்கில் மோதிக்கொண்டுதான் பாட்டு உருவாகும். பிறர் பாட்டை வாசித்தால் அதற்குப் பெயர் 'கவர்'. சொந்தப் பாட்டைக் கல்லூரிப் போட்டிகளில் 'ஓ.சி.' என்பார்கள், ஓன் காம்போசிஷன் என்பதன் சுருக்கம். எங்கள் உலகத்தின் எல்லாச் சண்டையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சண்டை பழையது. 1970களின் தொடக்கத்தில் சிம்லா என்ற சிகரெட்டின் பெயரில் 'சிம்லா பீட்' போட்டிகள் நடந்தன. பல ஊர்களிலிருந்து குழுக்கள் வந்து வாசித்தன, இசைத்தட்டுகளும் வெளியாயின. அன்றைக்கு ஒரு குழுவுக்குப் பெருமையே வெளிநாட்டுப் பாட்டை அச்சு அசலாக வாசிப்பதுதான். பம்பாயில் 1984-இல் தொடங்கிய 'ராக் மெஷின்' சொந்தப் பாட்டுகளால் 1988-இல் ஒரு ஆல்பமே வெளியிட்டது. 1993-இல் 'இண்டஸ் க்ரீட்' என்று பெயரையும் மாற்றிக்கொண்டது.

ரங் பவனில் ஆகஸ்ட் மாதம்

நான் பம்பாயில் இருந்தபோது ராக் என்றால் ரங் பவன். தோபி தலாவ் பக்கம், சேவியர் கல்லூரியை ஒட்டிய திறந்தவெளி அரங்கம். 1986-இல் தொடங்கிய 'இண்டிபெண்டன்ஸ் ராக்' சுதந்திர தினத்தை ஒட்டி அங்கேதான் நடக்கும். ஆகஸ்ட் மாதம் என்பதால் மழை இலவசம். கறுப்பு டி-ஷர்ட் கடலுக்கு நடுவே, அலுவலகத்திலிருந்து நேராகப் போன நான் கோடு போட்ட முழுக்கைச் சட்டையுடன் நிற்பேன். பக்கத்துப் பையன் ஒரு நாள் கேட்டான்: "அங்கிள், உங்க பையன் வாசிக்கிறானா?" அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அந்தக் கூட்டம் இரக்கமற்றது. குழு சொந்தப் பாட்டை ஆரம்பித்தால் பின்னாலிருந்து ஆங்கிலப் பாட்டுகளின் பெயர்களைக் கூவுவார்கள். பிழைக்கத் தெரிந்த குழுக்கள் ஒரு வழி வைத்திருந்தன. முதலில் ஒரு கவர், கூட்டம் சூடானதும் தங்களுடையது ஒன்று, பிறகு உடனே இன்னொரு கவர். நடுவில் வந்த அந்தப் பாட்டு அடுத்த கச்சேரியிலும் வரும். அப்போது பத்துப் பேர் கூடவே முனகுவார்கள். அதற்கடுத்த முறை நூறு பேர்.

இதை நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சினிமாப் பாட்டுக்குப் படம் இருக்கிறது, போஸ்டர் இருக்கிறது, டீக்கடை ஸ்பீக்கர் இருக்கிறது. இவர்கள் பாட்டுக்கு மேடையை விட்டால் வேறு வானொலி கிடையாது. தெரியாத பாட்டு தெரிந்த பாட்டாக மாறுவது அந்த இடத்தில்தான். இடம் போனால் பாட்டும் போச்சு.

ரங் பவன் போயே போய்விட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். ரங் பவனைச் சுற்றிக் கல்லூரியும் மருத்துவமனையும் நீதிமன்றமும் இருந்தன. சில ஆண்டுகளில் அங்கே ஒலிபெருக்கி நின்றது. விழா வேறு மைதானங்களைத் தேடிப் போனது. நோயாளியின் தூக்கமா என் கிட்டாரா என்றால் நோயாளியின் பக்கம்தான் நானும் நிற்பேன். ஆனால் மூடிய இடத்துக்கு மாற்றாக நகரத்துக்கு நடுவில், ரயிலில் போய்த் திரும்பக்கூடிய இன்னொன்றை யாரும் கட்டித்தரவில்லை என்ற வருத்தம் தீரவில்லை.

தாய்மொழி போதுமா?

கல்கத்தாவில் காட்சி வேறு. அங்கே கூட்டம் பாடகரை விடச் சத்தமாகப் பாடியது. 1998-இல் தொடங்கிய 'ஃபாசில்ஸ்' முழுக்க வங்காளத்தில் பாடும் குழு. என் அலுவலக நண்பர் ஒவ்வொரு வரியையும் காதருகே ஹிந்தியில் கத்திக்கொண்டே இருப்பார். டிரம்ஸ் சத்தத்தில் நாலில் ஒன்றுதான் எனக்குப் புரியும். அவர்களுக்கு முன்னோடி, கௌதம் சட்டோபாத்யாய் 1975-இல் தொடங்கிய 'மொஹினேர் கோராகுலி'. அந்தக் காலத்தில் அதைக் கேட்க ஆள் இல்லை. 1990களின் நடுவில் அடுத்த தலைமுறை தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது. தெரியாத பாட்டு தெரிந்த பாட்டாக இருபது வருடம்கூட ஆகலாம்.

கொச்சியில் இருந்தபோது 'அவியல்' மலையாளத்தில் பாடி 2008-இல் ஆல்பம் போட்டது. கொச்சியின் 'மதர்ஜேன்' ஆங்கிலத்தில்தான் பாடும். ஆனால் பைஜு தர்மஜனின் கிட்டார் கமகத்தோடு பேசியது. நம் வீணைக்காரர்கள் தந்தியை இழுப்பது போலவே அவரும் இழுப்பார். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் பாதிப் பேருக்குக் கமகம் என்ற சொல்கூடத் தெரிந்திருக்காது.

தாய்மொழியில் பாடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவுகட்ட இருந்தேன். பெங்களூர் அதை மறுத்தது. 1996 முதல் வாசித்துவரும் 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' பாடுவது ஆங்கிலம். ஆனாலும் அது பெங்களூர்க் குழுதான். பாட்டுக்கு நடுவே புரூஸ் லீ மணி பேசுகிற பேச்சும், கூட்டம் அடிக்கிற பதில் கமெண்ட்டும், வேறு ஊரில் எடுபடாது. அங்கே ஒரே குழு அடிக்கடி, ஒரே பேட்டைக்குள் வாசிக்கும். ரசிகர்கள் வரியெல்லாம் மனப்பாடமாக நிற்பதற்கு மொழி காரணமல்ல, திரும்பத் திரும்பக் கேட்க முடிந்ததுதான் காரணம்.

என் மனைவியை இழுத்துவந்தது 'அகம்'. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சர' பாட, பின்னால் டிரம்ஸ் இடிக்கும். நளினகாந்தி ராகத்தைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே வந்துவிட்டாள். அடுத்து வந்தது குழுவின் சொந்தப் பாட்டு. அதற்கும் உட்காரவில்லை. கிருதி அங்கே கவரின் வேலையைச் செய்தது.

வெளிநாட்டுக் குழு வரும்போது இந்தக் கவலையே இல்லை. 2007 மார்ச்சில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் 'அயர்ன் மெய்டன்' வாசித்தபோது ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு வரியையும் பாடினார்கள். அவர்களுக்கு முன்னால் மேடையேறியது டில்லியின் 'பரிக்ரமா'. அந்த மைதானத்தில் நின்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் மாதம் ஒரு முறை உள்ளூர்க் குழுவைக் கேட்க வந்திருந்தால், நம்மூரில் எத்தனையோ குழுக்கள் கலைந்திருக்காது.

பெங்களூருக்கும் அடி விழுந்தது. கேளிக்கை இடங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற 2005-ஆம் ஆண்டுக் காவல்துறை ஆணை செல்லும் என்று 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய கட்டடங்களில் இருந்த பப்புகளுக்கு, கேட்ட சான்றிதழ்களைத் திரட்டுவது பெரும்பாடு. பல இடங்களில் மேடை மூலைக்கு மேஜை நாற்காலி வந்துவிட்டது.

கீழ்ப்பாக்கத்தில் கேட்டது

சென்னையில் ராக் என்றால் பல ஆண்டுகளாகக் கல்லூரி விழாதான், அதிலும் ஐ.ஐ.டி.யின் 'சாரங்'. வளாகத்துக்கு வெளியே அந்தச் சத்தம் அதிகம் கசியவில்லை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறை மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னின்றது, இசையைத் தென்மா கட்டினார். குழுவின் பெயருக்கு அடிப்படை, அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்து. 19 பேர். எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில் பறை, சட்டி, டோலக், கானா பாடகர்கள். இட ஒதுக்கீடு, ஆணவக்கொலை, மாட்டுக்கறி என்று எல்லாம் பாட்டில் வந்தது.

எல்லாம் புதுப் பாட்டு. ஆனால் கானாவின் தாளம் வடசென்னைக்காரர்களின் காலுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாவது சரணத்துக்குள் மைதானம் கூடப் பாடியது. என் பக்கத்தில் நின்ற அம்மா, இடுப்பில் பேரனோடு, "யாருப்பா எழுதுனது? நம்ம கதைய அப்படியே சொல்றான்" என்றார். அதைவிடப் பெரிய விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

முன்வரிசைக்கு ஓடாதீர்கள். டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் மேடையிலிருந்து நேராக உங்கள் முகத்தில் அறையும். பாடகரின் குரலோ இரண்டு ஓரத்திலும் இருக்கிற பெரிய ஸ்பீக்கர் வழியாக உங்களைத் தாண்டிப் பின்னால் போகும். "வார்த்தையே புரியலை" என்று திட்டுபவர்களில் பாதிப் பேர் நிற்கும் இடம் தப்பு. கூட்டத்துக்கு நடுவே ஒருவர் பொத்தான்கள் நிறைந்த மிக்ஸர் மேஜையோடு உட்கார்ந்திருப்பார். அவர் தன் காதுக்குச் சரிபார்த்துத்தான் எல்லாவற்றையும் கலக்கிறார். அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

முதல் பாட்டை வைத்து எடைபோடாதீர்கள். ஒலி சரிபார்த்தது காலி அரங்கில். ஆட்கள் நிறைந்ததும் உடம்புகள் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், கணக்கு மாறும். சின்ன இடத்தில் இன்னொரு சிக்கல்: டிரம்ஸின் சத்தத்தைக் குறைக்கப் பொத்தான் கிடையாது. மற்றதையெல்லாம் அதற்கு ஈடாக ஏற்றியாக வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பாட்டில்தான் எல்லாம் ஒரு நிதானத்துக்கு வரும்.

காதுக்குப் பஞ்சு அல்ல, மருந்துக்கடையில் கிடைக்கிற நுரை அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்குகிற காதுக்கு, ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும் என்பது வல்லுநர்கள் வைத்திருக்கும் கணக்கு. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ராக் மேடை அந்த அளவைச் சுலபமாகத் தொடும். அடைப்பான் வைத்தால் பாட்டு கொஞ்சம் மங்கலாம், ஆனால் அடுத்த நாள் காதில் ரீங்காரம் வரும் வாய்ப்பு குறையும். இளைஞர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

வயசானவர்கள், பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்கிறார்கள். குடி பிடிக்காதவர்கள் பப்பைத் தவிர்த்துவிட்டுக் கல்லூரி விழா, பண்பாட்டு மையங்களின் அரங்கம் என்று தேர்ந்தெடுக்கலாம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை என்பதால் நேரத்தோடு வீடு திரும்பிவிடலாம். சென்னையில் மெட்ரோ ரயிலும் கிடைக்கும்.

கச்சேரி முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். சின்னக் குழுக்களுக்குத் தனியாக ஆள் வைத்துக்கொள்ள வசதி இல்லை. வாசித்தவர்களே வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். போய்ப் பேசுங்கள். "ரெண்டாவதா பாடினீங்களே, அது என்ன பாட்டு தம்பி?" என்று கேளுங்கள். பெயரைச் சொல்வார்கள், எங்கே கேட்கலாம் என்றும் சொல்வார்கள், ஓரமாக டி-ஷர்ட் விற்றால் ஒன்று வாங்குங்கள். அடுத்த மாதம் அவர்கள் வாசிக்கும் இடத்துக்கும் போங்கள். அப்போது அது உங்களுக்குத் தெரிந்த பாட்டு. உங்கள் தங்கை கேட்டால், என்ன பாட்டென்று பதிலும் சொல்லலாம்.