கல்லீரல் கொழுப்பு நோயும் சிறுநீரகச் செயல்பாடும்

கல்லீரல் கொழுப்பு நோய் என்பது கல்லீரல் உயிரணுக்களில் அளவுக்கு மிகுந்த கொழுப்பு சேர்ந்து தங்கும் நிலையாகும். கல்லீரல் உயிரணுக்களில் 5 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் காணப்பட்டால் அது இந்நோயாகக் கொள்ளப்படுகிறது. உலகில் வயது வந்தோரில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலும் வேறு காரணத்துக்காக வயிற்று ஸ்கேன் எடுக்கும்போதுதான் இது தற்செயலாகத் தெரியவருகிறது. அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்று இருந்தாலும், வலியோ தொல்லையோ இல்லாததால் பலர் அதை மடித்து வைத்துவிடுகின்றனர். ஆனால் இந்நோய் கல்லீரலோடு நின்றுவிடுவதில்லை. சிறுநீரகத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர் மாற்றம்

மது அருந்தாதவர்களின் கல்லீரலிலும், மிகுதியாக மது அருந்துவோரிடம் காணப்படுவதைப் போன்ற மாற்றங்கள் ஏற்படுவதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுட்விக் குழுவினர் 1980 ஆம் ஆண்டில் விவரித்தனர். பின்னர் ‘மதுசாராக் கல்லீரல் கொழுப்பு நோய்’ என்ற பெயர் வழங்கியது. 2023 ஆம் ஆண்டில் இதன் பெயர் ‘வளர்சிதைமாற்றக் கோளாறு சார்ந்த கல்லீரல் கொழுப்பு நோய்’ எனும் பொருள்பட மாற்றப்பட்டது. உடல் பருமன், உயர் இரத்தச் சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பின் மாறுபாடு ஆகியவற்றுள் ஒன்றேனும் உடனிருப்பதே இந்நோயின் இலக்கணம். இவற்றுள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதன்மைக் காரணங்கள் என்பது இங்குக் கருதத்தக்கது.

சிறுநீரகத்தின் பணி

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின் என்னும் புரதம் இந்த வடிகட்டியைத் தாண்டிச் செல்லக்கூடாது. அது சிறுநீரில் கசிந்தால் வடிகட்டி பழுதடையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

தொடர்புக்கான சான்று

‘கட்’ என்னும் மருத்துவ ஆய்விதழில் 2022 ஆம் ஆண்டு வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 12 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய 13 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. கல்லீரல் கொழுப்பு நோய் உடையவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் தோன்றும் வாய்ப்பு, அது இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு இருந்தது. கல்லீரலில் தழும்பு மிகுந்தவர்களுக்கு இவ்வாய்ப்பு மேலும் கூடுகிறது. இது கூட்டத்தில் காணப்படும் போக்கே தவிர, கல்லீரல் கொழுப்பு உள்ள ஒவ்வொருவருக்கும் சிறுநீரகம் கெடும் என்பதன்று.

பாதிக்கும் வழிகள்

1. இன்சுலின் எதிர்ப்பு: கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினுக்குச் சரிவர அடங்குவதில்லை. அதனால் இரத்தத்தில் சர்க்கரையும் முக்கிளிசரைடும் உயர்ந்து, சிறுநீரகத்தின் நுண்குழல்களைச் சிதைக்கின்றன.

2. அழற்சி: வீக்கமுற்ற கல்லீரல் வெளியிடும் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தின் வழியே சென்று இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன.

3. இரத்த அழுத்தம்: இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சினின் மூலப்பொருளைக் கல்லீரலே உருவாக்குகிறது. இந்த அமைப்பு மிகையாகத் தூண்டப்படும்போது வடிகட்டிகளின் மீது சுமை ஏறுகிறது.

4. யூரிக் அமிலம்: இனிப்புப் பானங்களிலுள்ள ஃபிரக்டோஸ் கல்லீரலில் சிதையும்போது கொழுப்பும் யூரிக் அமிலமும் உண்டாகின்றன. மிகுந்த யூரிக் அமிலம் சிறுநீரகத்துக்கு நல்லதன்று.

முற்றிய நிலை

சிலருக்குக் கொழுப்பு நோய் பல ஆண்டுகளில் கல்லீரல் இறுக்கி நோயாக முற்றுகிறது. அப்போது வயிற்றுப் பகுதி இரத்தக் குழாய்கள் விரிவடைய, சிறுநீரகத்தின் குழாய்கள் சுருங்கி, அதற்கு வரும் இரத்தம் குறைகிறது. இதனால் சிறுநீரகம் செயலிழப்பது ‘ஹெப்படோரீனல் நோய்க்குறி’ எனப்படும். இந்நிலையில் இறந்தவர்களின் சிறுநீரகங்கள் பிறருக்குப் பொருத்தப்பட்டபோது நன்கு இயங்கியதை 1969 ஆம் ஆண்டு மருத்துவர்கள் பதிவு செய்தனர். பழுது சிறுநீரகத்தில் அன்று, கல்லீரலில் என்பதை இது தெளிவாக்கியது.

கண்டறிதல்

சிறுநீரகச் செயல்பாடு ஏறக்குறைய பாதி குறைந்த பின்னரே இரத்தக் கிரியேட்டினின் அளவு உயரும். ஆகவே அந்த ஒரு சோதனை இயல்பாக இருப்பதால் மட்டும் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. தசை மெலிந்த கல்லீரல் இறுக்கி நோயாளிகளிடம் அது இன்னும் தாழ்வாகவே காட்டும். எனவே இரு சோதனைகள் தேவை.

முதலாவது, கிரியேட்டினின் அளவிலிருந்து கணக்கிடப்படும் வடிகட்டு வீதம். இது 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோயாகும்.

இரண்டாவது, சிறுநீரில் ஆல்புமின் - கிரியேட்டினின் விகிதம். இது கிராமுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என நீடித்தால், வடிகட்டு வீதம் நன்றாக இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

தடுக்கும் முறைகள்

தொடக்கத்தில் கல்லீரல் கொழுப்பைக் குறைக்க இயலும். உடல் எடை மிகுந்தவர்கள் அதில் 5 விழுக்காடு குறைத்தாலே கொழுப்பு குறைகிறது. 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் அழற்சியும் தணிகிறது. மெலிந்து தோன்றுபவருக்கும் இந்நோய் வரும் என்பதால் இந்தியர்கள் இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லையாகக் கொள்ளப்படுகிறது. சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறி, பருப்பு சேர்த்தல், இனிப்புப் பானங்களையும் மதுவையும் தவிர்த்தல், நாள்தோறும் வேகமாக நடத்தல் ஆகியவை இரு உறுப்புகளையும் ஒருங்கே காக்கும். மருந்துக்கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி நாள்கணக்கில் உண்பது சிறுநீரகத்துக்குத் தீங்கு.

கல்லீரலும் சிறுநீரகமும் தொடக்கத்தில் வலியால் எச்சரிப்பதில்லை. ஸ்கேன் அறிக்கையில் கல்லீரல் கொழுப்பு எனக் கண்டவர்கள், சிறுநீர் ஆல்புமின் சோதனை தங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.