குளிர்பதனப் பெட்டியும் மருந்தும்

மீன், காய்கறி, பால் வைப்பதற்காக வாங்கிய குளிர்பதனப் பெட்டி இன்று பல இல்லங்களில் இன்னொரு அலமாரியாகவே மாறிவிட்டது. மல்லிகைச் சரம், நகப்பூச்சு, மின்கலம், மருந்து, மாத்திரை என எல்லாம் அதற்குள் இடம்பிடித்துள்ளன. குளிரில் வைத்தால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை.

குளிரில் மல்லிகை வாடாது. நகப்பூச்சும் சீக்கிரம் கெட்டியாகாது. மின்கலத்தின் நிலை வேறு. சாதாரண அல்கலைன் மின்கலம் அறை வெப்பத்தில் ஆண்டுக்கு 2 அல்லது 3 விழுக்காட்டுச் சக்தியையே இழக்கிறது. எனவே, குளிரால் பெரிய பயன் இல்லை. மாறாக, வெளியே எடுத்ததும், ஐஸ் போட்ட குவளை வியர்ப்பதைப் போல அதன்மேல் நீர் படிகிறது. முனைகள் துருப்பிடிக்கின்றன.

மாத்திரைகளுக்கும் இதே ஈரம்தான் எதிரி. குளிரில் வைக்கும்படி மருந்தின் உறையில் குறிப்பிடாத மாத்திரைகளை, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வெளியே வைப்பதே நல்லது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது, இனிப்பு நீர் நோயாளிகள் பயன்படுத்தும் இன்சுலின். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். அதற்காக, உறைபெட்டியிலோ பின்சுவரை ஒட்டியோ வைக்கக்கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பார்வைக்குப் பழையபடி தெரியலாம். ஆனால், அதன் ஆற்றலை நம்ப முடியாது. ஊசியைத் தவறாமல் போட்டும் இரத்தத்தில் சர்க்கரை ஏற அதுவே காரணமாகலாம். உறைந்ததை வீசிவிட வேண்டும். கதவுத் தட்டில் வெப்பம் அடிக்கடி மாறும் என்பதால் நடுத்தட்டே ஏற்றது.

பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலினில் பல வகைகளை ஏறத்தாழ 28 நாள் வெளியே வைக்கலாம். ஆனால், வெப்பம் பொதுவாக 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. சில வகைகளுக்கு அளவு இன்னும் குறைவு. இங்கு நண்பகலில் வீட்டுக்குள்ளேயே அந்த அளவு தாண்டிவிடுவதுண்டு. ஆகவே, மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

குளிரில் வைக்கும் மருந்துகளை உணவோடு கலக்காமல், பெயர் எழுதிய மூடிபோட்ட பெட்டியில் உயரமான தட்டில் வைக்க வேண்டும். தாகம் எடுத்தால் பிள்ளைகள் முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.