சமோரோ மொழி கற்போம், வாரீர்!

சிறுவர் சிறுமியரே! பசிபிக் மாகடலில், பிலிப்பைன்ஸ் நாட்டிற்குக் கிழக்கே மரியானாத் தீவுகள் உள்ளன. அவற்றுள் பெரியது குவாம். அங்கே பழைய முறைப்படி வளர்ந்த சமோரோச் சிறுவன் தன் பாட்டியைக் கண்டால் என்ன செய்வான் தெரியுமா? தலைகுனிந்து, அவருடைய கரத்தைப் பற்றித் தன் மூக்கருகே கொண்டுபோய், "ஞோரா" என்பான். பாட்டனாராயின் "ஞோட்" என்பான். முதியவர், "டியோஸ் தி அயூடி" என்று வாழ்த்துவார். 'கடவுள் உனக்குத் துணைபுரிவாராக' என்பது அதன் பொருள். இவ்வணக்கத்தின் பெயர் மங்ஙிங்ஙெ.

இப்பெயரை வெள்ளையர் சொல்லத் திணறுவர், உங்களுக்கு எளிது. நாம் ஙகரத்தை அரிச்சுவடியோடு விட்டுவிடுகிறோம். சமோரோ மொழியிலோ அது சொல்லின் முதலிலேயே வரும். வாத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஙாஙா'!

'குமா' என்றால் வீடு. ஆனால் 'அந்த வீடு' என்று சுட்டும்போது 'இ கிமா' என்பர். முன்னே நிற்கும் இகரம் உகரத்தையும் இகரமாக்கிவிடுகிறது. கோயிலுக்குப் பெயர் 'குமா ஜூஉஸ்', அதாவது கடவுளின் இல்லம். குழந்தை 'பட்கொன்', குழந்தைகள் 'ஃபமகுஒன்'. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று நாம் நால்வராகப் பிரிப்பவரை அவர்கள் 'சேஎலு' என்னும் ஒரே சொல்லால் அழைக்கின்றனர். நன்றி சொல்ல, 'சி ஜூஉஸ் மாஆசெ'. 'கடவுள் இரங்குவாராக' என்று பொருள்படும் இதைவிட அழகிய நன்றியுரையை நான் அறியேன்.

1668ஆம் ஆண்டில் இயேசு சபைக் குருவான டியேகோ லூயிஸ் தெ சான் வித்தோரெஸ் அங்கே மறையறிவிக்க வந்தார். இம்மொழிக்கு இலத்தீனில் இலக்கணம் வரைந்தவரும் அவரே. 1672இல் அவர் கொல்லப்பட்டார். அக்காலப் போர்களாலும் கொள்ளை நோய்களாலும் சமோரோ மக்களுள் பெரும்பாலோர் மாண்டனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. எஞ்சியோர் மொழியில் ஸ்பானியச் சொற்கள் குடியேறின. 'ஞோரா' என்பதும் 'செஞோரா' என்னும் ஸ்பானியச் சொல்லின் சிதைவே. எண்ணுப் பெயர்கள்கூட மாறிப் போயின.

1898இல் குவாம் அமெரிக்கர் கைக்குச் சென்றது. 1917இல் அவர்களது கடற்படை ஆட்சி சமோரோ மொழிக்குத் தடை விதித்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். தாம் பட்ட இழிவு தம் மக்களுக்கு வேண்டாம் என்று அஞ்சிய பெற்றோர், பிற்காலத்தில் வீட்டிலும் ஆங்கிலமே பேசலாயினர். அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. ஆயினும் பாட்டி பேசுவது பேரனுக்கு விளங்காத இல்லங்கள் பெருகின.

1974இல் சமோரோ, ஆங்கிலத்தோடு குவாமின் ஆட்சிமொழியாயிற்று. பின்னர்ப் பள்ளிப் பாடமும் ஆயிற்று. பாடவேளை மட்டும் போதாதென்று கண்டவர்கள், நாள் முழுவதும் சமோரோவே ஒலிக்கும் ஹுராவ் என்னும் சிறார் பயிலகத்தை 2005இல் தொடங்கினர்.

ஸ்பானிய எண்களுக்கு முன்பு அம்மக்கள் எண்ணிய முறை இதோ. ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்லிப் பாருங்கள்: ஹாட்சா, ஹுக்வா, துலு, ஃபட்ஃபட், லிமா.