விமானத்தில் எத்தனை மணி நேரம்? எக்ஸெல் சொல்லும்!

"போகும்போது ஏழு மணி நேரம், திரும்பும்போது இரண்டே மணி நேரமா?" சிங்கப்பூரில் உள்ள மகனையோ மகளையோ பார்க்கப் புறப்படும் பெற்றோர் பலர், டிக்கெட்டைக் காட்டி என்னிடம் கேட்கும் கேள்வி இது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? விடையை எக்ஸெல் தொகுப்பிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் தூரம். பூமி உருண்டை என்பதால் ஸ்கேல் வைத்து மேப்பில் அளந்தால் சரியாக வராது. அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் போதும். ஆங்கில எழுத்துகளில் கீழ்க்கண்டவாறு டைப் செய்திடவும்.

1. சென்னை விமான நிலையத்திற்கு ஏ1 செல்லில் 12.99, பி1 செல்லில் 80.17. சிங்கப்பூர் சாங்கிக்கு ஏ2 செல்லில் 1.36, பி2 செல்லில் 103.99.

2. சி1 செல்லில் =ரேடியன்ஸ்(ஏ1) எனக் கொடுத்து என்டர் தட்டவும். இதை டி1, சி2, டி2 செல்களுக்கும் காப்பி செய்திடவும். எக்ஸெல் கோணங்களை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். இதை விட்டுவிட்டால் விடை தவறாகும்.

3. ஏ4 செல்லில் =ஏகாஸ்(சைன்(சி1)*சைன்(சி2)+காஸ்(சி1)*காஸ்(சி2)*காஸ்(டி2-டி1))*6371 எனக் கொடுக்கவும். 6371 என்பது கிலோமீட்டரில் பூமியின் சராசரி ஆரம்.

விடை சுமார் 2,924 கி.மீ. பயணிகள் ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 850 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் மூன்றரை மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. ஓடுபாதைக்குச் செல்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடும். காற்றின் திசையும் இதைக் கூட்டும், குறைக்கும்.

அப்படியானால் ஏழு மணி நேரம் எங்கிருந்து வந்தது? டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. எடுத்துக்காட்டாக, சென்னையில் இரவு 23:15க்குப் புறப்பட்டு, சிங்கப்பூரில் காலை 6:15க்கு இறங்குகிறீர்கள். புறப்படும் நேரத்தை பி6லும், இறங்கும் நேரத்தை பி7லும், 2:30 என்பதை பி8லும் இடவும். பி9ல் =பி7+1-பி6-பி8 கொடுத்தால் 4:30 கிடைக்கும். நள்ளிரவைத் தாண்டுவதால்தான் அந்த +1. அதை விட்டால் செல் முழுக்க ##### தெரியும். திரும்பும்போது காலை 8:00க்குப் புறப்பட்டு 10:00க்கு இறங்கினால், 2:30ஐக் கூட்டவும், +1 வேண்டாம். அதே 4:30தான்!

இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்குக் கடிகாரம் காட்டும் நேரத்தைவிட, உண்மையில் கழிந்த மணி நேரமே முக்கியம். இந்த ஷீட்டை பிரிண்ட் எடுத்து, பயணத்திற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் காட்டி, எப்போது சாப்பாடு, எப்போது மருந்து என்று கேட்டு அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காப்பி கைப்பையில் இருக்கட்டும்.