யு.பி.எஸ். கோளாறு: பேட்டரியா, சார்ஜரா?

மின்சாரம் போனதும் உங்கள் யு.பி.எஸ். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லையா? சேவ் செய்யாத ஃபைல் போய்விடும்தான். அதற்காக உடனே புது பேட்டரி வாங்கக் கிளம்பாதீர்கள். சார்ஜர் சர்க்யூட் பழுதாகியிருந்தால் புது பேட்டரியும் ஏறாது; பணம் வீண்.

வீட்டு யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் இருப்பது கார் பேட்டரியின் தம்பிதான். அதே 12 வோல்ட் லெட் ஆசிட் வகை. சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும்.

1. யு.பி.எஸ்.ஸை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

2. பேட்டரி ஒயர்களைக் கழற்றி, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே வேறு எதையும் தொடாதீர்கள்.

3. மீண்டும் இணைத்து, இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றுங்கள். காலையில் முன்போலவே கழற்றி, ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள்.

12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டியும் பேக்கப் நிற்கவில்லையா? பேட்டரி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். அளவு ஏறவே இல்லையா? அதே மாடல் யு.பி.எஸ். ஒன்றில் அந்த பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஏறினால் கோளாறு உங்கள் சார்ஜரில், சர்வீஸுக்குக் கொடுங்கள். அங்கும் ஏறாவிட்டால் பேட்டரிதான் குற்றவாளி.

பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது. குப்பையில் போடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.